சிஜேடி சந்தேகம்: முதுகில் எடுத்த நீர் என்ன சொல்லும், என்ன சொல்லாது?

சிஜேடி என்பது க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேகப் நோய், மூளையை வேகமாக அழிக்கிற அரிய நோய். பதில் சொல்பவர் நரம்பு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், புதுச்சேரி லாஸ்பேட்டைக்காரர். கேள்விகளை எடுப்பதற்கு முன் அவர் சொன்னது: "நான் மருந்து எழுதித் தருகிற டாக்டர் இல்லை, சாம்பிளோடு காலம் தள்ளிய ஆள். ரிப்போர்ட்டைக் காட்டினால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்வேன். வைத்தியம் உங்கள் நரம்பியல் மருத்துவர் கையில்தான்."

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்): சார், அப்பாவுக்கு 64 வயது. தை மாசம் வரைக்கும் கடையைப் பார்த்துக்கொண்டவர், பங்குனியில் சோற்றுத் தட்டைப் பிடிக்க முடியாமல் போய்விட்டார். கதவைச் சாத்துகிற சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போடுகிறது. முதுகில் நீர் எடுத்தார்கள், '14-3-3 பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. "ஜேகப் நோய், மருந்து கிடையாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். முடிவாகிவிட்டதா?

பதில்: அந்த ஒரு வரியை வைத்து முடிவு கட்டாதீர்கள் தம்பி. 14-3-3 நரம்பு செல்லுக்குள் சாதாரணமாக இருக்கும் புரதம். குறுகிய காலத்தில் நிறைய செல்கள் சாகும்போது அது தண்டுவட நீரில், அதாவது முதுகில் எடுத்த அந்த நீரில் கசிகிறது. பக்கவாதத்திலும் கசியும், மூளைக்காய்ச்சலிலும் கசியும், வலிப்பு நிற்காமல் வந்தாலும் கசியும். ஊசி குத்தியதில் ரத்தம் கலந்துவிட்டாலும் பாசிட்டிவ் காட்டலாம். சேதம் நடக்கிறது என்று சொல்லும், யார் செய்த சேதம் என்று சொல்லாது. 'டோட்டல் டாவ்' என்று இன்னொரு புரதத்தின் எண் போட்டிருப்பார்கள். சிஜேடியில் அது பெரும்பாலும் எகிறிப்போய் இருக்கும், ஆனால் அதுவும் இதே ஜாதிதான்.

நீங்கள் சொல்கிற வேகமும் தூக்கிப்போடுவதும் சிஜேடிக்குப் பொருந்துகிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இதே வேஷத்தில் வருகிற, வைத்தியம் இருக்கிற நோய்கள் உண்டு. முதலில் கேட்க வேண்டியது ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குவது. அதில் எல்ஜிஐ1 வகை பெரும்பாலும் இந்த வயதுக்காரர்களுக்குத்தான் வரும். ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறதா, முகமும் அதே பக்கத்துக் கையும் கணநேரம் வெட்டி வெட்டி இழுக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆன்டிபாடி பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டீராய்டில் எழுந்து நடந்தவர்கள் இருக்கிறார்கள். பி12, தைராய்டு, மண்டைக்குள் ரத்தக்கட்டு இதெல்லாம் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். எம்ஆர்ஐ எடுத்திருந்தால் அதில் 'டிஃப்யூஷன்' படம் இருக்கிறதா? சிஜேடி என்றால் மூளையின் மேல் மடிப்புகள் ரிப்பன் ஒட்டியது போல வெளுத்திருக்கும், அல்லது உள்ளே காடேட், புட்டாமென் பகுதிகள் வெளுத்திருக்கும். என் கணக்கில் 14-3-3-ஐ விட அந்தப் படத்துக்கு மதிப்பு அதிகம்.

அதே வாசகர்: எம்ஆர்ஐயில் காடேட் வெளுப்பு என்று எழுதியிருக்கிறார்கள் சார். ஆன்டிபாடிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆர்டி-குயிக் என்று ஒன்று சொன்னார்கள். அது என்ன?

பதில்: சேதத்தை அல்ல, ஆளையே பிடிக்கிற பரிசோதனை அது. நம் எல்லார் மூளையிலும் ப்ரையான் புரதம் இருக்கிறது, ஒழுங்காக மடிந்த நிலையில். நோயில் அது கோணலாக மடிகிறது. கோணல் மடிந்தது பக்கத்தில் இருக்கும் நல்லதையும் கோணலாக்குகிறது. வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை, வெறும் புரதம். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஸ்டான்லி ப்ரூசினர் 1982-இல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1997-இல் நோபல் பரிசு வந்தது.

பாலில் உறைமோர் ஊற்றுகிற கதைதான். ஆய்வுக்கூடத்தில் தயாரித்த நல்ல புரதம் பால், நோயாளியின் தண்டுவட நீர் உறை. 96 குழி கொண்ட தட்டில் இரண்டையும் சேர்த்து, கொஞ்ச நேரம் குலுக்கி, கொஞ்ச நேரம் நிறுத்தி, மறுபடி குலுக்குவார்கள். குலுக்கும்போது இழைகள் உடைந்து முனைகள் பெருகும், ஒவ்வொரு முனையிலும் புதிய புரதம் ஒட்டும். கூடவே தயோஃப்ளேவின்-டி என்ற சாயம் இருக்கும். கோணல் இழையில் ஒட்டினால்தான் அது ஒளிரும். ஒரே சாம்பிளை 4 குழிகளில் வைப்பது வழக்கம். மணிக்கணக்கில் தரையோடு போய்க்கொண்டிருக்கும் கோடு, திடீரென்று செங்குத்தாக ஏறும். உறை இல்லாவிட்டால் நேரம் முடிகிற வரை தட்டையாகவே கிடக்கும்.

பாசிட்டிவ் வந்தால் ஏறக்குறைய நிச்சயம், பொய்யான பாசிட்டிவ் மிக அரிது. புதிய முறையில் நோய் இருப்பவர்களில் நூற்றுக்கு 90-க்கு மேல் பிடிபடுகிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் சிஜேடி பதிவேடு நடத்துகிறார்கள். எங்கே அனுப்பலாம் என்று உங்கள் மருத்துவரை அங்கே கேட்கச் சொல்லுங்கள். நீங்களே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள்.

கேள்வி (முத்தியால்பேட்டை): என் பெரியம்மாவுக்கு ஆர்டி-குயிக் நெகட்டிவ். அப்படியானால் இல்லை என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லைம்மா. நோய் இருந்தும் பத்தில் ஒருவர் இந்தப் பரிசோதனையில் பிடிபடாமல் தப்பக்கூடும். தூக்கமே வராமல் போகிற பரம்பரை வகையில் இன்னும் அதிகமாகத் தப்பும். சாம்பிளில் ரத்தம் கலந்திருந்தாலும் வினை நின்றுவிடும். நீர் எடுத்தபோது குழாயில் தெளிவாக இருந்ததா, லேசாக ரோஸ் நிறமா என்று கேளுங்கள். ரோஸ் என்றால் மறுபடி எடுக்கச் சொல்வதில் தப்பில்லை.

கேள்வி (வில்லியனூர், லேப் டெக்னீஷியன்): சார், இந்த மாதிரி சாம்பிள் வந்தால் பயமாக இருக்கிறது. ஃபார்மலினில் போட்டால் போதுமா?

பதில்: போதாது. ஃபார்மலினும் ஆல்கஹாலும் ப்ரையானை ஒன்றும் செய்யாது. 1970-களில் சூரிச்சில், ஒரு சிஜேடி நோயாளியின் மூளைக்குள் வைத்த எலெக்ட்ரோடுகளை ஆல்கஹாலிலும் ஃபார்மால்டிஹைடு ஆவியிலும் சுத்தம் செய்துவிட்டு, வலிப்பு நோயுள்ள 2 இளம் நோயாளிகளுக்கு வைத்தார்கள். இரண்டு பேருக்கும் நோய் வந்தது. 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் 1 மணி நேரம், அல்லது 134 டிகிரியில் 18 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவி), இதுதான் கணக்கு. தூக்கிப் போடக்கூடிய ஊசி, குழாயையே பயன்படுத்தி எரித்துவிடுங்கள். ஆனால் மூளைத் திசுவோடு ஒப்பிட்டால் தண்டுவட நீரில் ஆபத்து மிகக் குறைவு. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு வழக்கமான வேலையைப் பாருங்கள்.

கேள்வி (பண்ருட்டி): ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டு மூளை வறுவல் சாப்பிடுகிறோம். நிறுத்திவிடவா?

பதில்: இந்த நோய்க்காக நிறுத்த வேண்டாம், கொழுப்புக்காக வேண்டுமானால் யோசியுங்கள். ஆட்டுக்கு வரும் ஸ்க்ரேப்பி என்ற ப்ரையான் நோய் மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. தொற்றியது பிரிட்டன் மாடுகளுக்கு வந்த 'மேட் கவ்' என்ற ப்ரையான் நோய். மாட்டுக்கு மாட்டெலும்புத் தூளையே தீவனமாகப் போட்டதால் பரவியது. அங்கே 178 பேர் அதில் இறந்தார்கள். இந்தியாவுக்கு 2010-இல் உலக விலங்கு சுகாதார அமைப்பு 'மிகக் குறைந்த அபாயம்' என்ற தகுதியைக் கொடுத்தது. நம்மூரில் பார்க்கிற சிஜேடி பெரும்பாலும் காரணமே இல்லாமல் தானாக வருவது. வருஷத்துக்கு பத்து லட்சத்தில் ஒருவர், இருவர்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): அம்மா இதில்தான் போனார். நானும் தங்கையும் ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? அவளுக்கு இப்போதுதான் வரன் பார்க்கிறோம்.

பதில்: நோயாளிகளில் நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்குத்தான் 20-ஆம் குரோமோசோமில் உள்ள பிஆர்என்பி என்ற ப்ரையான் புரத மரபணுவில் பிழை இருக்கும். அம்மாவின் ரத்தமோ டிஎன்ஏவோ எங்காவது வைத்திருந்தால் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் பிழை இல்லை என்றால் உங்கள் இருவருக்கும் டெஸ்டே தேவையில்லை. இருந்தால் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்போதும் மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசாமல் எடுக்காதீர்கள், ஏனென்றால் தெரிந்தபின் தடுக்க இன்று மருந்து இல்லை. வரனுக்காக எடுக்கிறேன் என்றால் நான் வேண்டாம் என்பேன். எடுப்பதா வேண்டாமா என்பது தங்கையின் முடிவு, அண்ணன் முடிவு இல்லை.

கேள்வி (அரியாங்குப்பம்): ரத்தத்திலேயே கண்டுபிடிக்க முடியாதா?

பதில்: நியூரோஃபிலமென்ட் லைட் என்ற புரதம் ரத்தத்தில் ஏறும். அதுவும் சேதக் கணக்குதான், 14-3-3 போல. மூக்கின் மேல்பகுதியில் பிரஷ்ஷால் துடைத்து எடுத்த செல்களிலும், தோலிலும் ஆர்டி-குயிக் செய்து நல்ல பலன் பார்த்திருக்கிறார்கள். இங்கே பக்கத்து மருத்துவமனையில் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி (மஞ்சக்குப்பம், முதல் வாசகர்): கடைசியாக ஒன்று சார். சிஜேடிதான் என்றே வந்தால், அப்பாவை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: தாராளமாக. தொட்டால் வராது, எச்சிலில் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. பிள்ளைகள் மடியில் உட்காரட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது விழுங்குவது. தண்ணீர் குடிக்கும்போது இருமினால் கூழாகக் கொடுங்கள், படுக்கவைத்து ஊட்டாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். தூக்கிப்போடுவதற்கு குளோனாசிபம் போன்ற மாத்திரை கொஞ்சம் கேட்கும், மருத்துவரிடம் பேசுங்கள். ஆன்டிபாடி முடிவு வந்ததும் முதலில் அதை எனக்கு எழுதுங்கள்.