ஹட்சனின் ரொட்டிக் கணக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

துருவப் பயணங்கள் பற்றிய கட்டுரையில் ஆங்கிலேயக் கப்பல் கேப்டன் ஹென்றி ஹட்சனை இரண்டே வரிகளில் கடந்துவிட்டீர்கள். 1611 ஜூனில் சொந்த மாலுமிகளே அவரைப் படகில் இறக்கிவிட்டுப் போனார்கள், ஊர் திரும்பியவர்களில் ஒருவர்கூடத் தூக்கிலேறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பசி மனிதர்களை மிருகமாக்கிவிட்டது என்று இதைப் புரிந்துகொள்ளலாமா? கொலைக்கு ஒப்பான காரியத்தைச் செய்தவர்கள் எப்படித் தப்பினார்கள்? படகில் விடப்பட்டவர்களுக்குப் பிழைக்க வழி ஏதும் இருந்ததா?

மா.

அன்புள்ள மா.,

பசி இருந்தது உண்மை. ஆனால் ஹட்சனின் ‘டிஸ்கவரி’ கப்பலின் ஒற்றுமையை உடைத்தது பசி மட்டுமல்ல என்பது என் உறுதியான எண்ணம். கப்பலில் மீதி எவ்வளவு இருக்கிறது, அது யார் கையில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போனதுதான் அதை உடைத்தது.

அது 55 டன் கப்பல். இருபதுக்குச் சற்று அதிகமான ஆட்களோடு 1610 ஏப்ரலில் லண்டனிலிருந்து புறப்பட்டது. வடமேற்கு வழியாக ஆசியாவுக்குக் கடல்பாதை தேடுவது நோக்கம். பணம் போட்டவர்களில் ஒருவரான தாமஸ் ஸ்மித், அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர். (கலகக்காரர்கள் வட அட்லாண்டிக்கில் பட்டினியோடு தத்தளித்த அதே 1611 ஆகஸ்டில் அந்தக் கம்பெனியின் ‘குளோப்’ கப்பல் நம் பழவேற்காட்டில் வந்து நின்றது. இரண்டு கப்பல்களும் இரண்டு திசைகளில் தேடியது ஒரே சந்தையை.) 1610 ஆகஸ்டில் கனடாவின் ஹட்சன் விரிகுடாவுக்குள் நுழைந்த டிஸ்கவரி, அதன் தென்கோடியான ஜேம்ஸ் விரிகுடாவில் வழி கிடைக்காமல் அங்குமிங்கும் அலைந்தது. நவம்பர் 1-ல் கப்பலைக் கரையோரம் ஏற்றினார்கள். 10-ஆம் தேதி சுற்றிலும் உறைந்துவிட்டது.

முதல் விரிசல் அதற்கு முன்பே விழுந்துவிட்டது. செப்டம்பரில், கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான மேட் ராபர்ட் ஜூவெட்டை விசாரித்துப் பதவியிறக்கிய ஹட்சன், அந்த இடத்தை ராபர்ட் பைலட் என்ற மாலுமிக்குக் கொடுத்தார். குளிர்காலத் தொடக்கத்தில் பீரங்கியாளர் ஜான் வில்லியம்ஸ் இறந்தார். கடலில் ஒருவர் இறந்தால் அவர் உடைமைகளை நடுப்பாய்மரத்தடியில் ஏலம் விடுவது வழக்கம். ஹட்சன் ஏலம் விடாமல், அவருடைய சாம்பல்நிற அங்கியைத் தனக்குப் பிடித்த ஹென்றி கிரீனுக்குத் தருவதாகச் சொன்னார். பிறகு கிரீன்மேல் கோபம் வந்து பைலட்டுக்குக் கொடுத்தார். உறைகுளிரில் கம்பளி அங்கி என்பது உயிர். அதைவிட முக்கியம், பாய்மரத்தடி ஏலத்தில் எல்லார் கண் முன்னாலும் கணக்கு நடக்கும். அதை மீறிய பிறகு கேப்டன் எதைப் பங்கிட்டாலும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

குளிர்காலத்தில் அவர்கள் அவ்வளவாகப் பட்டினி கிடக்கவில்லை. நூறு டஜனுக்கும் மேல் வெள்ளைக் கௌதாரிகள் சுட்டார்கள். புது இறைச்சி, புதிய உணவு கிடைக்காத மாலுமிகளைத் தாக்கும் ஸ்கர்வி நோயையும் ஓரளவு தள்ளிப்போடும். பிசின் நிறைந்த ஒரு மரமொட்டைக் கஷாயம் வைத்துக் குடித்தும், சூடாக ஒற்றடம் கொடுத்தும் கைகால் வலியைத் தீர்த்துக்கொண்டார்கள். வசந்தத்தில் பறவைகள் போய்விட, பாசியும் தவளையும் தின்னும் நிலை வந்தது. பனி உருகியதும் வலை வீசிய முதல் நாள் 500 மீன் கிடைத்தது. அப்படி ஒரு நாள் மறுபடி வரவில்லை.

ஜூனில் ஊர் திரும்பப் புறப்படும்போது ஹட்சன் ரொட்டியறையில் மிஞ்சியதையெல்லாம் வெளியே எடுத்து ஆளுக்கு ஒரு பவுண்டு கொடுத்தார், கொடுக்கும்போது அழுதார். பிறகு சீஸ். ஐந்து கட்டிகள் வெளியே வந்தன. ஆட்கள் எண்ணி வைத்திருந்தது ஒன்பது. ஏழு நாளைக்கு ஆளுக்கு மூன்றரை பவுண்டு என்று சமமாகவே பங்கிட்டார். மொத்தமாகக் கையில் கொடுக்கவேண்டாம், சிலருக்கு வைத்துச் சாப்பிடத் தெரியாது என்று சொன்னவர்களின் பேச்சை அவர் கேட்கவில்லை. நடந்தது அதுதான். வில்லியம் வில்சன் இரண்டு வாரத்து ரொட்டியை ஒரே நாளில் தின்றுவிட்டு இரண்டு மூன்று நாள் நோயாகப் படுத்தார். கிரீன் தன் ரொட்டியில் பாதியை இன்னொருவரிடம் கொடுத்துவைத்து, திங்கள்வரை தரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர். புதன் இரவுக்குள் நச்சரித்துத் திரும்ப வாங்கிவிட்டார். ஒரு வாரத்து உணவை மெலிந்து கிடப்பவன் கையில் மொத்தமாகக் கொடுத்தால் இதுதான் நடக்கும். பண்டசாலைக்காரர் நாள்தோறும் எல்லார் முன்னிலையிலும் எடைபோட்டுக் கொடுத்திருக்க வேண்டும். ஹட்சன் இரண்டு தவறுகளையும் சேர்த்தே செய்தார். கொடுத்ததை மொத்தமாகக் கொடுத்தார், இருந்ததை மறைத்தார்.

மறைத்தார் என்று ஏன் சொல்கிறேன்? ஜூன் 22 வாக்கில், பனிக்கட்டிகளுக்கிடையே கப்பல் நின்றிருந்தபோது, விடியலில் ஹட்சன் அறையிலிருந்து வெளியே வந்ததும் இருவர் பிடித்துக்கொள்ள, வில்சன் அவர் கைகளைப் பின்னால் கட்டினார். அவரையும் அவர் மகன் ஜானையும், நோயில் கிடந்தவர்களையும் சேர்த்து ஒன்பது பேரை ஷாலப் என்ற சிறு பாய்ப்படகில் ஏற்றினார்கள். பனியைக் கடக்கும்வரை படகைப் பின்னால் கட்டி இழுத்து, கடல் திறந்ததும் கயிற்றை வெட்டினார்கள். பிறகு கப்பலைக் குடைந்து தேடினார்கள். அடித்தளத்தில் ஒன்றரைப் பாத்திரம் மாவு, இரண்டு சிறு பீப்பாய் வெண்ணெய், 27 துண்டு பன்றிக்கறி, அரை புஷல் (சுமார் 18 லிட்டர்) பட்டாணி இருந்தன. ஹட்சனின் அறையில் மட்டும் 200 பிஸ்கட், கொஞ்சம் மாவு, ஒரு பெரிய பீப்பாய் அளவு பீர். இருபத்திரண்டு பேருக்கு 200 பிஸ்கட் என்றால் ஆளுக்கு ஒன்பது. யாரையும் அது காப்பாற்றியிருக்காது. அவசரத்துக்கென்று கேப்டன் ஒதுக்கிவைப்பதும் தவறல்ல. ஆனால் ஒன்பது ஐந்தானதைப் பார்த்தவர்களுக்கு அந்த அறைக்கதவு வேறு கதை சொல்லியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அபாகக் பிரிக்கெட் எழுதியது. அவர் கப்பலில் தங்கியவர், தன் கழுத்தைக் காக்க எழுதியவர். அவர் கதையில் முழுப் பழியும் கிரீன், வில்சன், ஜூவெட் மேல் விழுகிறது. மூவரும் ஊர் வந்து சேரவில்லை. கிரீனும் வில்சனும் இன்னும் இருவரும் ஹட்சன் விரிகுடாவின் வாசலில் உள்ள டிக்ஸ் முனையருகே, அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான இனூயிட் மக்களோடு நடந்த மோதலில் இறந்தார்கள். ஜூவெட் அயர்லாந்தை நெருங்கும்போது பட்டினியில் இறந்தார். மற்றவர்கள் பறவை எலும்பை மெழுகுவர்த்திக் கொழுப்பில் பொரித்து, வினிகர் விட்டுத் தின்று கரைசேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் எட்டு பேர்.

ஏன் தூக்கிலேறவில்லை என்று கேட்டீர்கள். 1611-லேயே டிரினிட்டி ஹவுஸ் என்ற கடலோடிகள் அமைப்பின் மூத்த மாலுமிகள் இவர்களை விசாரித்து, தூக்குக்கு உரியவர்கள் என்றுதான் சொன்னார்கள். ஆனால் பைலட்டும் பிரிக்கெட்டும் அந்த விரிகுடாவின் வழி தெரிந்தவர்கள். 1612-ல் அதே விரிகுடாவுக்குப் போன கேப்டன் தாமஸ் பட்டன் கூடவே அனுப்பப்பட்டார்கள். 1616-ல் பைலட் அதே டிஸ்கவரியின் கேப்டனாக வில்லியம் பாஃபினோடு பாஃபின் விரிகுடாவைச் சுற்றிவந்தார். உணவும் நெருப்பும் உடையும் இல்லாமல் படகில் விட்டதாகக் கொலைக்குற்றம் சாட்டி வழக்கு நடந்தது 1618-ல்தான். பிரிக்கெட்டும் மருத்துவர் எட்வர்ட் வில்சனும் விடுதலையானார்கள். வழி தெரிந்தவனின் விலை நீதியைவிட அதிகமாக இருந்தது என்றே நான் இதைப் படிக்கிறேன். அது எனக்கு இன்றும் கோபமூட்டுகிறது.

பிழைக்க வழி இருந்ததா? குற்றச்சாட்டில் சொன்னதுபோல முழு வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒரு துப்பாக்கி, வெடிமருந்து, குண்டு, சில ஈட்டிகள், ஓர் இரும்புச் சட்டி, கொஞ்சம் மாவு கிடைத்தன. அவையும் தச்சர் பிலிப் ஸ்டாஃப் கேட்டதால் கிடைத்தவை. கரைசேர்ந்தால் கோடை முழுக்க வேட்டையாடலாம், தச்சர் இருப்பதால் குடிசை கட்டலாம். எதிராக இருந்தது உடல்நிலை. ஒன்பது பேரில் துடுப்புப் போடத் தெம்புள்ளவர்கள் சிலரே. கயிறு வெட்டிய பிறகு ஒருமுறை படகு பாய் விரித்துக் கப்பலை எட்டிப்பிடிக்க வந்தது. கப்பலில் இருந்தவர்கள் எல்லாப் பாய்களையும் விரித்து, எதிரியைக் கண்டதுபோல ஓடினார்கள்.

ஸ்டாஃபைக் கலகக்காரர்கள் இறக்கிவிடவில்லை. தச்சர் கப்பலுக்குத் தேவை, இருக்கச் சொன்னார்கள். முந்தைய நவம்பரில், காலம் கடந்தபின் கரையில் வீடு கட்டச் சொன்ன ஹட்சனிடம், ‘நான் கப்பல் தச்சன், வீட்டுத் தச்சன் அல்ல’ என்று மறுத்து, அடிக்கவும் தூக்கிலிடுவதாக மிரட்டவும் பட்டவர் அவர். அந்த ஹட்சனோடு போவதாகச் சொல்லி, தன் கருவிப்பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு படகில் இறங்கினார்.