தனியாகத் தைத்துப் பழகியவர் கூட்டத்தோடு தைக்கலாமா?

கேள்வி: வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வையான குவில்ட் தைக்கக் கற்றுக்கொண்டேன். இதுவரை வீட்டில் தனியாகத்தான் தைத்து வருகிறேன். தோழி ஒருத்தி தன்னுடைய குவில்டிங் சங்கத்தில் சேரச் சொல்லி நச்சரிக்கிறாள். மாதக் கூட்டம், கண்காட்சிக்குப் பஸ் பயணம், வார இறுதித் தையல் முகாம் என்று ஏகப்பட்டது நடக்குமாம். என் குவில்டில் மூலைகள் சரியாகச் சேராது. அலமாரி நிறைய அரைகுறை வேலை வேறு. இதையெல்லாம் நாலு பேர் முன்னால் விரித்துக் காட்டக் கூச்சமாக இருக்கிறது. அமைதிக்காகத் தொடங்கிய பொழுதுபோக்கு, கூட்டத்தில் கெட்டுப் போகாதா?

பதில்: மூலை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மூலை சேராதது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பெரும்பாலும் காரணம் தையல் விளிம்புதான், அதாவது தையலுக்கும் துணியின் ஓரத்துக்கும் நடுவே விடும் இடம். கால் அங்குலம் விட வேண்டிய இடத்தில் பதினாறில் ஒரு அங்குலம் கூடுதலாகப் பிடித்தால், இரண்டு பக்கத் துணியிலுமாகச் சேர்த்து ஒரு தையலுக்கு எட்டில் ஒரு அங்குலம் போய்விடும். துண்டுகளை இணைக்கும் எட்டுத் தையல் உள்ள வரிசை ஒரு முழு அங்குலம் குட்டையாகும். தையல் எண்ணிக்கை ஒன்றாக உள்ள வரிசைகள் எப்படியோ பொருந்திப் போய்விடும். எண்ணிக்கை வேறான வரிசை வந்து சேரும் இடத்தில்தான் வண்டவாளம் வெளியே வரும். தனியாக உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆகலாம். பழகிய ஒருவர் துணியைப் புரட்டி ஸ்கேலை வைத்துப் பார்த்தால் ஐந்தே நிமிடம். சங்கத்தில் சேர இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

கூச்சத்துக்கு வருவோம். மாதக் கூட்டத்தில், தைத்து முடித்ததைக் காட்டும் நேரம் என்று ஒன்று இருக்கும். இரண்டு பேர் மேல் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி நிற்பார்கள். முன்னால் இருப்பவர்களுக்கு விரல் நுனிகளும் செருப்புக் கால்களும்தான் தெரியும், நடுவில் முழுக்கக் குவில்ட். கூச்சப்படுகிறவருக்கு இதைவிட நல்ல திரை கிடைக்காது. பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு நிறம் தெரியும், வடிவம் தெரியும், நூலிழை விலகிய மூலை தெரியாது. அப்புறம், காட்டியே ஆக வேண்டும் என்று யாரும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. முதலில் விருந்தினராக ஓரிரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பல சங்கங்கள் அதற்கு இடம் கொடுக்கின்றன. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடித்து வைக்கக் கை கொடுத்தால், பேச்சு தானாக வந்துவிடும்.

அமைதி கெடுமா என்பதற்கு என் பதில்: நீங்கள் எந்த வேலையைக் கையில் எடுத்துப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. யோசிக்க வேண்டியதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நிறம் தேர்ந்தெடுப்பது, வடிவம் போடுவது, கணக்குப் பார்த்து வெட்டுவது எல்லாம் உங்கள் அறையின் அமைதிக்கு உரியவை. கூட்டத்துக்குப் போக வேண்டியது அலுப்புத் தட்டும் வேலை. நூறு சதுரங்களை இரண்டிரண்டாக இணைப்பது, ஓரத்தைச் சுற்றி வரும் பட்டியான பைண்டிங்கைக் கையால் மடித்துத் தைப்பது, வடிவம் வரைந்த காகிதத்தோடு சேர்த்துத் தைத்ததிலிருந்து காகிதத்தைக் கிழித்து எடுப்பது போன்றவை. வீட்டில் தனியாகச் செய்யும்போது கொட்டாவி வரும் வேலை, பேச்சுத் துணையோடு எப்போது முடிந்ததென்றே தெரியாது. முகாம் பிடிக்கவில்லை என்று திரும்பியவர்களை விசாரித்தால், பலர் புத்தம் புதுச் சிக்கலான வடிவத்தை அங்கே தொடங்கி, பாதி நேரம் தையல் பிரிக்கும் ஊசியோடு மல்லுக்கட்டியவர்களாக இருப்பார்கள்.

ஆகவே முகாமுக்குத் துண்டுகளை வெட்டி, அடுக்கி, பையில் போட்டு, மேலே பெயர் எழுதி எடுத்துப் போங்கள். பாபின்களில் முன்கூட்டியே நூல் சுற்றிக்கொள்ளுங்கள். தையல் மெஷினைக் கவனமாகக் கட்டி எடுத்து வந்து, பெடலையும் மின்கம்பியையும் வீட்டிலேயே விட்டு வருகிறவர் ஒவ்வொரு முகாமிலும் ஒருவராவது இருப்பார். அது நீங்களாக இருக்க வேண்டாம். இஸ்திரிப் பெட்டியை உங்கள் மேசையில் செருகாதீர்கள். நாலைந்து பெட்டிகள் ஒரே இணைப்பில் சூடேறினால் அரங்கமே இருண்டுவிடும், எல்லா மெஷினும் நின்றுபோகும். பொதுவான இஸ்திரி மேசை தள்ளி இருப்பதில் இன்னொரு லாபம்: எழுந்து நடந்தே ஆக வேண்டும். கழுத்தும் இடுப்பும் அதற்காக உங்களை வாழ்த்தும். நள்ளிரவு வரை தைக்கிறவர்கள் தைக்கட்டும். தூக்கக் கலக்கத்தில் ரோட்டரி கட்டரை, அதாவது உருட்டி வெட்டும் வட்டக் கத்தியை மட்டும் தொடக்கூடாது. பகலிலும் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பிளேடை மூடிவிடுங்கள்.

அரைகுறை வேலைகள் பற்றி வெட்கமே வேண்டாம். குவில்ட் தைப்பவர்கள் அதற்கென்று ஒரு செல்லப் பெயரே வைத்திருக்கிறார்கள்: 'யு.எஃப்.ஓ.' 'அன்ஃபினிஷ்டு ஆப்ஜெக்ட்', அதாவது முடிக்காத பொருள் என்பதன் சுருக்கம். சில சங்கங்களில் இதையே விளையாட்டாக்கிவிட்டார்கள். ஆளாளுக்குத் தங்கள் அரைகுறைகளுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டுப் பட்டியல் கொடுப்பார்கள். மாதம் ஒரு எண்ணைக் குலுக்கி எடுப்பார்கள். உங்கள் பட்டியலில் அந்த எண்ணில் உள்ளதை அந்த மாதம் கையில் எடுக்க வேண்டும்.

சுற்றுக்கு விடும் விளையாட்டும் ஒன்று உண்டு. நீங்கள் தைத்த நடுத்துண்டு கைமாறிப் போகும், ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு கரை சேர்ப்பார்கள். திரும்பி வருவது உங்களுக்குப் பிடித்த நிறமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆசை ஆசையாக எடுத்து வைத்த துணியை அதில் போடாதீர்கள், மனக்கசப்புதான் மிஞ்சும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது தானக் குவில்ட் தைப்பதைத்தான். நோயுற்ற குழந்தைகளுக்குப் போர்வை கொடுக்கும் 'புராஜெக்ட் லைனஸ்' 1995-இல் தொடங்கியது. அந்த வகை வேலையில் மூலையை யாரும் அளப்பதில்லை. பலமுறை துவைத்தாலும் தாங்கும் தையல் வேண்டும், குழந்தை வாயில் போடும்படி பொத்தான் வைக்கக்கூடாது. அவ்வளவுதான் எதிர்பார்ப்பு.

பஸ் பயணத்துக்குக் கட்டாயம் போங்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் போன்ற இடங்களில் நடக்கும் பெரிய விழாக்களாக இருந்தாலும் சரி, ஒரு கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சின்னக் கண்காட்சியாக இருந்தாலும் சரி, புகைப்படத்தில் கிடைக்காத ஒன்று நேரில் கிடைக்கும். வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர் யாராவது நின்றால், பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். விரலின் எண்ணெய்ப்பசை துணியில் ஒட்டும் என்பதால் நாமாகத் தொடக்கூடாது, கேட்டால் அவர்கள் ஓரத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். முடிச்சை எங்கே ஒளித்தார்கள், பைண்டிங் மூலையை எப்படி மடித்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

துணிக்கடைகளுக்குச் சேர்ந்து போகும்போது மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. பக்கத்தில் நிற்பவர் கூடை நிறைவதைப் பார்த்து நம் கையும் நீளும். உங்களிடம் இருக்கும் துணிகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எதற்கென்று தெரியாமலே மனம் கேட்டால் 'ஃபேட் குவார்ட்டர்' என்று விற்கும் சின்னத் துண்டு ஒன்று வாங்குங்கள். பதினெட்டுக்கு இருபத்திரண்டு அங்குலம், ஆசைக்கு அது போதும்.

முகாமுக்குப் பெயர் கொடுக்கும்போது சுவரோர மேசையாகக் கேளுங்கள், அறையின் நடுவில் வேண்டாம். பேசத் தோன்றினால் நாற்காலியைத் திருப்பிக்கொள்ளலாம், தோன்றாவிட்டால் சுவரைப் பார்த்துத் தைக்கலாம். இரண்டையும் அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.