கேள்வி கேட்டவர் பகைவரா?

காரைக்குடி வாசகர் ஒருவர்: அமெரிக்காவில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் என் மகன், அங்கு நடந்த பயிற்சி வகுப்பொன்றைப் பற்றிச் சொன்னான். ஒவ்வொருவர் மனத்திலும் தாமறியாத இனப் பாரபட்சம் இருப்பதாகக் கற்பித்தார்களாம். அதை அளக்கும் சோதனை எவ்வளவு நம்பகமானது என்று அவன் கேட்டதற்கு, “மறுப்பதே பாரபட்சத்தின் அடையாளம்” என்று பதில் வந்ததாம். தாராளவாதிகளான நண்பர்களே இப்போது அவனிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. சிந்தனைச் சுதந்திரத்தைப் போற்றுபவர்கள் இப்படி நடக்கலாமா? அவன் பேசாமல் இருந்துவிடுவதுதான் நல்லதா?

பதில்: பேசாமல் இருக்க வேண்டாம், ஆனால் எதை மறுக்கிறோம் என்பதில் அவர் தெளிவாக இருக்க வேண்டும். 1998இல் உளவியலாளர் ஆன்டனி கிரீன்வால்டும் அவருடைய சகாக்களும் அறிமுகப்படுத்திய சோதனை அது. அதை வளர்த்தெடுத்தவர்களுள் செகந்திராபாத்தில் பிறந்த மாஜரின் பனாஜியும் ஒருவர். திரையில் வெள்ளை முகமோ கறுப்பு முகமோ, நல்ல சொல்லோ கெட்ட சொல்லோ தோன்றும். முதலில் வெள்ளை முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரே விசையை அழுத்தச் சொல்வார்கள், பிறகு சேர்க்கையை மாற்றுவார்கள். எந்தச் சேர்க்கையில் விரல் தயங்குகிறது என்பதை மில்லி விநாடிக் கணக்கில் அளப்பார்கள். ஒருவரே மறுமுறை செய்தால் மதிப்பெண் கணிசமாக மாறக்கூடும் என்பதால், இதைக் கொண்டு ஒரு தனி மனிதரை இன்னார் என்று முத்திரை குத்தக் கூடாது என்று சோதனையை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி.

ஆனால் சோதனை பலவீனமானது என்பதால் பாரபட்சமே இல்லை என்றாகிவிடாது. பொருளாதார ஆய்வாளர்களான மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் சுமார் 5,000 கற்பனை வேலை விண்ணப்பங்களை அனுப்பி, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளையர் பெயருள்ள விண்ணப்பங்களில் ஏறத்தாழ 10க்கு ஒன்றுக்கு அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயர் என்றால் 15க்கு ஒன்றுக்குத்தான். விண்ணப்பத்தில் இருந்த தகுதியில் வேறுபாடு இல்லை. அந்த நண்பர்களின் கோபத்துக்குப் பின்னால் இந்த அநீதி இருக்கிறது. ‘சந்தேகம்தான் கேட்கிறேன்’ என்று தொடங்கி விஷயத்தையே புதைத்துவிட்டவர்களையும் அவர்கள் பார்த்திருப்பார்கள்.

இருந்தும் அவர்கள் செய்தது தவறு என்றே நினைக்கிறேன். ஒப்புக்கொண்டாலும் குற்றம், மறுத்தாலும் குற்றம் என்றால் அங்கே விசாரணைக்கு இடமில்லை. பட்டிமண்டபம் ஏறுவோர் பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுக என்று மணிமேகலையின் விழா அறிவிப்பு சொல்கிறது. 1939இல் கம்பன் கழகம் தோன்றிய ஊர் உங்களுடையது. மேடையில் கைகேயிக்காக வாதாடி இறங்கியவரை இராமனுக்குப் பகைவர் என்று நாம் ஒதுக்குவதில்லை. அந்தப் பண்பை உங்கள் மகன் தன் நண்பர்களிடம் உரிமையோடு கேட்கலாம். விண்ணப்ப ஆய்வைத் தாம் ஏற்பதாக முதலில் சொல்லிவிட்டு, சோதனையைப் பற்றிய கேள்வியை அதன் பிறகு கேட்டால் காது கொடுப்பவர்கள் இருப்பார்கள்.

தேவகோட்டை வாசகி ஒருவர்: இதெல்லாம் வெள்ளைக்காரர் சிக்கல். பர்மா, மலேயா என்று பல இனத்தாரோடும் கொண்டுவிற்ற நம்மவர்களுக்கு இது பொருந்துமா?

பதில்: பொருந்தும். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் கீழ் பர்மாவின் நெல் வயல்கள் பெருமளவில், வட்டிக்குக் கடன் கொடுத்திருந்த செட்டியார்கள் கைக்கு வந்தபோது, பர்மியரின் மனக்குறைக்குக் காரணம் இருந்தது; ஆனால் அந்தக் குறை, அங்கிருந்த ஒவ்வொரு தமிழரையும் வட்டிக்காரராகவே பார்க்கும் கண்ணாகவும் மாறியது. அதே கண் நம்மிடமும் உண்டு. சென்ற தை மாதம் ஒரு வீட்டுப் பட்டாலையில் பெண்ணின் படம் கைமாறிக்கொண்டிருந்தது. பெண்ணின் படிப்பை யாரும் கேட்பதற்கு முன்பே, “நிறம் கொஞ்சம் மட்டு” என்று சொல்லிப் படத்தை அடுத்தவரிடம் கொடுத்தார் ஓர் ஆச்சி. ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் போய் நிற்பவர் அவர். நானும் அங்கே இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தனியாகப் பார்த்து, “ஆச்சி, நேற்று அப்படிச் சொல்லிவிட்டீர்களே” என்றேன். “அப்படியா சொன்னேன்?” என்று கேட்டார். உண்மையாகவே அவருக்கு நினைவில்லை.