வெளிநாட்டு நிதி நின்ற பிறகும் எச்.ஐ.வி. சேவைகள் நிலைக்குமா?

வெளிநாட்டு நன்கொடையாளர்கள் விலகிய பிறகு, பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுப்போர் போன்றோருக்கான எச்.ஐ.வி. சேவைகளை ஓர் அரசால் தொடர்ந்து நடத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். இந்தியாவில் அது நடந்தும் இருக்கிறது. ஆனால் எது தொடர்ந்தது, எது வழியில் உதிர்ந்தது என்று பிரித்துப் பார்க்காமல் அப்படிச் சொன்னால் அது பாதி உண்மையாகவே நிற்கும். தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டம் ஒன்றில், பெண் பாலியல் தொழிலாளர்களுக்கான திட்டத்தில் நான் ஏழு ஆண்டுகள் களப்பணி மேற்பார்வையாளராக இருந்தேன். முதல் பாதி வெளிநாட்டு நிதியிலும் பின்பாதி அரசு நிதியிலும் கழிந்தது. அறையும் நாற்காலிகளும் மாறவில்லை, மனிதர்களும் பெரும்பாலும் மாறவில்லை. அதனால் இரண்டு காலங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

சிறிது பின்னணி சொல்ல வேண்டும். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் இரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. ஒரு துறையாக வைக்காமல் சங்கமாகப் பதிவு செய்ததற்குக் காரணம், பணம் வழக்கமான அலுவலகப் படிகளில் தேங்காமல் களத்துக்கு விரைவாகச் சேர வேண்டும் என்பதுதான். பிற மாநிலங்களும் பின்னர் இந்த அமைப்பையே எடுத்துக்கொண்டன. 1995-இல் அமெரிக்க அரசின் யூஎஸ்எய்ட் நிதியில், அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையின் வழியாக ஏபேக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் இங்கே தொடங்கியது. 2003-இல் கேட்ஸ் அறக்கட்டளையின் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டமான அவாஹன் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களுக்கு வந்தது. பாலியல் தொழிலாளியையே சக கல்வியாளராக நியமித்து, அவர் மூலமாக ஆணுறையையும் பால்வினை நோய்ச் சிகிச்சையையும் கொண்டு சேர்க்கும் முறை இந்த ஆண்டுகளில்தான் செம்மை பெற்றது.

அவாஹன் விலகிய விதத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். ஒரே நாளில் கதவை மூடிவிட்டு அவர்கள் போகவில்லை. 2009-இல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குத் திட்டங்களையும், 2011-இல் மேலும் பத்தில் இரண்டு பங்கையும், 2012-இல் மீதியையும் என மூன்று சுற்றுகளாக அரசிடம் ஒப்படைத்தார்கள். ஒப்படைப்பதற்கு முன்பே எங்கள் சம்பளம், மருந்துச் செலவு, பதிவேடுகள் எல்லாவற்றையும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமான நாக்கோவின் வரையறைக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். அப்போது எங்களுக்கு அது கசந்தது. சம்பளம் குறைந்தபோது சிலர் வேலையை விட்டுப் போனார்கள். ஆனால் அரசு பொறுப்பேற்ற அன்று பணி நின்றுவிடாமல் இருந்ததற்கு, அதற்கு முன்பே அரசின் வரவு செலவுக்குள் வாழப் பழகியிருந்ததுதான் காரணம் என்பதைப் பிறகு புரிந்துகொண்டேன்.

முதலில், தொடர்ந்தவற்றைச் சொல்கிறேன். மருந்து தொடர்ந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று, தாம்பரம் மருத்துவமனை உள்ளிட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுப்பது தொடங்கியது, இன்று ஏ.ஆர்.டி. மையம் இல்லாத ஒரு மாவட்டத்தை எங்கள் பகுதியில் நினைத்துப் பார்க்கவே முடியாது. தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று அழைக்கப்படும் பரிசோதனை மையங்களும் தொடர்ந்தன. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு, 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை, மத்திய அரசு 15,471.94 கோடி ரூபாய் ஒதுக்கியது. நன்கொடையாளர்கள் போனால் எல்லாம் சரிந்துவிடும் என்று அஞ்சியவர்களுக்கு இந்தத் தொகையே ஒரு பதில்.

உதிர்ந்தது வேறு. எங்கள் திட்டத்தில் ஒரு சக கல்வியாளருக்கு ஏறத்தாழ 60 பெண்கள் என்பது கணக்கு. ஒவ்வொருவரும் எந்தப் பேருந்து நிலையத்தில், எந்த லாட்ஜ் பக்கத்தில், எந்த நேரத்தில் இருப்பார், யாருக்கு இந்த மாதம் பரிசோதனை, யாருடைய கணவருக்கு விஷயம் தெரியக்கூடாது என்பதெல்லாம் அந்த அறுபது பேரின் அக்காவுக்கு மனப்பாடம். முன்பு, யாரையாவது காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள் என்று இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி வந்தால், ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு சக கல்வியாளர்களும் ஒரு வழக்கறிஞரும் அங்கே போய் நிற்பார்கள். ரவுடியிடம் அடி வாங்கியவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் அவர்கள் வேலையாக இருந்தது. ஆணுறையை வாங்கிக்கொண்ட கைகள், இப்படி உடன் நின்றவர்களை நம்பித்தான் அதை வாங்கிக்கொண்டன.

நிதி மாறியபோது இந்தப் பகுதிக்கான தொகைதான் முதலில் சுருங்கியது. வழக்கறிஞருக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. மாதாந்திர அறிக்கையில் எத்தனை பேரைச் சந்தித்தோம், எத்தனை ஆணுறை கொடுத்தோம், எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தோம் என்பவற்றை நிரப்பினோம். நள்ளிரவில் காவல் நிலைய வாசலில் நின்றதை எழுத எங்கள் கையில் இருந்த படிவத்தில் இடம் இல்லை. எழுத இடமில்லாத வேலைக்கு அடுத்த ஆண்டு பணம் கேட்க முடியாது. யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலேயே, இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தப் பணி கரைந்துபோனது.

அடுத்தது, பணம் வந்து சேரும் நாள். ஒருமுறை எங்கள் சக கல்வியாளர்களுக்கு ஐந்து மாதங்கள் மதிப்பூதியம் வரவில்லை. தடை எங்கே ஏற்பட்டது என்பதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அந்த ஐந்து மாதங்களில் களத்தில் நடந்ததைத்தான் சொல்ல விரும்புகிறேன். முதல் இரண்டு மாதம் அவர்கள் கைக்காசில் பேருந்து ஏறினார்கள். மூன்றாம் மாதம் ஓர் அக்கா என்னிடம் வந்து, “சார், வட்டிக்கு வாங்கித்தான் போய்க்கிட்டிருக்கேன், இனிமே முடியாது” என்றார். அதன் பிறகு அவர் பழைய தொழிலுக்கு முழு நேரமாகத் திரும்பினார். அவர் கவனித்துவந்த அறுபது பேரில் ஏ.ஆர்.டி. மருந்து எடுத்துவந்த நால்வரில் இருவர், தேதி தவறி மையத்துக்குப் போகாமல் நின்றுவிட்டார்கள். மருந்து மையத்தில் இருந்தது, கையிருப்பும் இருந்தது. கூட்டிப் போக ஆள் இல்லை. ஒருவரைப் பின்னர் மீட்டோம்; மற்றவர் ஊர் மாறிப் போய்விட்டார். இதை எழுதும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இது எங்கள் மாவட்டத்தோடு முடிந்துவிடும் கதையில்லை. 2014-இல் மத்திய அரசின் நிதி, மாநில எய்ட்ஸ் சங்கங்களுக்கு நேரடியாகப் போகாமல் மாநிலக் கருவூலங்கள் வழியாகப் போகும் முறை வந்தபோது, நாட்டின் பல பகுதிகளில் களப்பணியாளர்களின் ஊதியம் மாதக்கணக்கில் தேங்கியது. சங்கம் என்ற அமைப்பை எதற்காக உருவாக்கினார்களோ, அந்த விரைவே அங்கே இழக்கப்பட்டது.

உரிய ஏற்பாடு இல்லாமல் விலகினால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியாவைப் பாருங்கள். அங்கே எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கான பன்னாட்டு நிதியமான குளோபல் ஃபண்டின் எச்.ஐ.வி. நிதி 2010-இல் முடிந்தது; ஊசி மாற்றித் தரும் சேவைகளை அரசு ஏற்கவில்லை; அதே காலத்தில் ஒரு நாளைக்குப் பலமுறை ஊசி போடவைக்கும் புதுவகைப் போதைப்பொருள்களும் பரவின. போதை ஊசி போடுவோரிடையே 2008-இல் 1 சதவீத அளவில் இருந்த தொற்று, 2013-இல் 50 சதவீதத்தைத் தாண்டியது. நம் நாட்டிலேயே, ஐதராபாத்தில் 2021-இல் யூஎஸ்எய்ட் ஆதரவுடன் தொடங்கி, திருநர்களே பணியாற்றித் திருநர்களுக்காக நடந்த மித்ர் மருத்துவமனை, 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியபோது மூட வேண்டியதாயிற்று. அவாஹனைப் போல மூன்று சுற்றுகளாக விலகுவதற்கும் ஓர் ஆணையில் விலகுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஆகவே, எங்கும் இந்த மாற்றம் வரும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் அரசு பணம் ஒதுக்கும். அவற்றுக்கு டெண்டர் உண்டு, கணக்கு உண்டு, எதிர்ப்பு இல்லை. உடன் நடக்கும் மனிதருக்கான பணத்துக்குத்தான் போராட வேண்டியிருக்கும். ஏனெனில் சட்டமும் சமூகமும் யாரைக் குற்றவாளியாகப் பார்த்துப் பழகினவோ, அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைப்பதை எந்த அதிகாரியும் எளிதில் முன்மொழிய மாட்டார். சட்டப்பணியும் சுகாதாரப் பணிதான் என்று நான் சொல்வது இதனால்தான். 2018-இல் உச்ச நீதிமன்றம், ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைத் தளர்த்தியது. 2022 மே மாதம், பாலியல் தொழிலாளர்களைக் காவல்துறை கண்ணியமாக நடத்த வேண்டும், ஆணுறையை அவர்களுக்கு எதிரான சாட்சியமாகக் கொள்ளக்கூடாது என்பனவற்றை உள்ளடக்கிய வழிகாட்டுதலையும் தந்தது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் பாகுபாட்டைத் தடை செய்து, புகார்களை விசாரிக்க மாநிலங்களில் குறைதீர்ப்பாளரை நியமிக்கச் சொல்கிறது. இவற்றைக் காவல் நிலைய வாசல் வரை எடுத்துச் செல்லும் ஆளுக்கு வரவு செலவில் ஓர் இடம் வேண்டும்.

நடைமுறையாகச் சொன்னால், அரசு தொண்டு நிறுவனங்களோடு செய்யும் ஒப்பந்தம் ஓராண்டுக்கு இல்லாமல் மூன்று ஆண்டுகளுக்கு இருக்க வேண்டும். அதிலும் ஆறு மாதத் தொகை முன்பணமாகக் கையில் இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் தாமதத்தைத் தாங்கும். பாலியல் தொழிலாளர்களும் திருநங்கைகளும் தாங்களே நடத்தும் சிறு அமைப்புகள் தாங்காது, ஆனால் களத்தை அறிந்தவை அவைதாம். இந்தச் சேவைகளையெல்லாம் பொது மருத்துவமனையோடு இணைத்துவிட்டால் செலவு குறையும் என்பார்கள். ஓரளவு சரி. ஆனால் இரவெல்லாம் விழித்திருந்த பெண் காலை எட்டு மணிக்கு வெளிநோயாளி வரிசையில் தன் தெருக்காரர்களோடு நிற்க வர மாட்டார். அவருக்கு மாலையில் திறந்திருக்கும் ஒரு கதவு தேவை.

நிலையான நிதிக்கு முன்மாதிரிகளும் நம்மிடம் உண்டு. எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2009-இல் ஓர் அறக்கட்டளையை நிறுவி, வைப்பு நிதியின் வட்டியிலிருந்து உதவும் முறையைக் கொண்டுவந்தது. களப்பணிக்கும் அப்படியொரு வைப்பு நிதியை ஏன் வைக்கக்கூடாது? கொல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்கள் 1995-இல் உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, உறுப்பினர் நல்லொழுக்கம் உடையவராக இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. அவர்கள் போராடி அந்தத் தடையை நீக்கிய பிறகே பதிவு செய்தார்கள்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் எங்கள் பெண்களும் மாதம் ஐம்பது ரூபாய் சேமிப்பைத் தொடங்கினார்கள். அந்தப் பணத்தால் ஒரு திட்டத்தை நடத்த முடியாது, நடத்த வேண்டியது அவர்கள் பொறுப்பும் இல்லை. ஆனால் மதிப்பூதியம் அடுத்த முறை தாமதமானபோது, பேருந்துக் கட்டணத்துக்கு அந்தப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள்; அந்த மாதங்களில் யாருடைய ஏ.ஆர்.டி. தேதியும் தவறவில்லை.