62 லிங்க்கும் மூன்று கட்டைவிரலும் – வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். உங்கள் தளத்தை நான்கு வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நீங்களும் பள்ளி நூலகராக இருந்தவர் என்பதால் துணிந்து கேட்கிறேன்.

நான் ஒரு பள்ளியில் நூலகர். ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தக்கூடிய இணைய வளங்களைத் தேடித் தேடிச் சேர்த்து வருகிறேன். பாடவாரியாகப் பிரித்து, வகுப்புக்கு ஒரு வண்ணம் கொடுத்து, ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் ஆசிரியர்களின் வாட்ஸாப் குழுவில் அந்தப் பட்டியலைப் போடுகிறேன். இப்போது அதில் 62 லிங்க் இருக்கின்றன. எட்டு மாதமாக இதுதான் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் மூன்று கட்டைவிரல் வரும், அதோடு சரி. போன வாரம் ஓர் ஆசிரியரிடம் நேராகவே கேட்டேன். "ரொம்ப நல்லா இருக்கு மேடம், டைம்தான் இல்லை" என்றார். பட்டியலின் முதல் லிங்க்கே இரண்டு மாதமாகத் திறக்கவில்லை என்பது அன்று இரவுதான் எனக்கே தெரிந்தது. ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஆசிரியர்களுக்கு ஆர்வம் இல்லையா? பட்டியலை இன்னும் கவர்ச்சியாக வடிவமைக்க வேண்டுமா? இன்னொன்று: மாதாமாதம் எத்தனை வளங்கள் பகிர்ந்தேன் என்று தலைமை ஆசிரியர் எண்ணிக்கை கேட்கிறார். அதனால் எண்ணிக்கையைக் குறைக்கவும் பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட வேண்டாம்.

ப.

*

அன்புள்ள ப.,

ஆர்வம் இல்லை என்ற முடிவுக்கு அவசரமாகப் போய்விடாதீர்கள். அந்த ஆசிரியர் சொன்ன பதிலை அப்படியே நம்பலாம். நேரம்தான் இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லிங்க்கைத் திறந்து, அது தன் பாடத்துக்குப் பொருந்துமா, எங்கே தொடங்குவது, லாகின் கேட்கிறதா, நடுவில் விளம்பரம் வருகிறதா என்று பார்க்க ஓர் ஆசிரியருக்குப் பத்து நிமிடமாவது வேண்டும். 62 லிங்க்குக்கு 620 நிமிடம். பத்து மணி நேரத்துக்கும் மேற்பட்ட வேலையை அழகாக வண்ணம் அடித்து வெள்ளிக்கிழமை மாலை அனுப்பி வைத்திருக்கிறீர்கள். அவரிடம் இருப்பதோ ஒரு ஃப்ரீ பீரியட். அதிலும் பாதி நாள், வராத ஆசிரியருக்குப் பதிலாக வேறு வகுப்புக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். திருத்த வேண்டிய நோட்டுகள் மேஜையில் தலைக்கு மேல் நிற்கும். அந்த நிலைமையில் கட்டைவிரலைத் தூக்கியதே பெரிய விஷயம்.

நம் தொழிலின் நாலாவது விதி உங்களுக்கு நினைவிருக்கும். இந்திய நூலக அறிவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதி வைத்த ஐந்து விதிகளில் ஒன்று அது: வாசகரின் நேரத்தைச் சேமி. நூலகர் ஆவதற்கு முன் அவர் கணக்கு ஆசிரியர். அதனால்தான் அந்த விதி அவர் கையிலிருந்து வந்தது என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. நிரூபிக்கவெல்லாம் முடியாது. ஆசிரியர்தான் நம் வாசகர் என்று வைத்துக்கொண்டால் உங்கள் பட்டியல் யார் நேரத்தைச் சேமித்தது? தேர்ந்தெடுப்பது நம் வேலை. அதைத்தான் 62 துண்டாக்கி அவர் தலையில் வைத்துவிட்டீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் இதையே செய்தவள்தான். என் காலத்தில் அச்சடித்து ஸ்டாஃப் ரூம் பலகையில் ஒட்டுவேன். மாதம் ஒரு தாள். அந்தத் தாளின் மேல் யாரோ பிறந்தநாள் வாழ்த்து ஒட்டியபோதுதான் எனக்கு உறைத்தது.

அது மாறிய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒருநாள் அறிவியல் ஆசிரியை ஒருவர் ஸ்டேப்ளர் கேட்டு நூலகத்துக்கு வந்தார். போகிற போக்கில், "நாளைக்கு மின்சுற்று. ஆய்வகத்தில் இருக்கிற பல்பில் பாதி எரியாது" என்று அலுத்துக்கொண்டார். அவர் போனபிறகு, அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் ஃபெட் (PhET) தளத்தைத் திறந்தேன். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கியது அது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கி வைத்தார். அதில் மின்சுற்று கட்டும் பாவனைப் பயிற்சி ஒன்று இருக்கிறது. மின்கலம், கம்பி, பல்பு எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு இணைக்கலாம். மின்சாரம் கடத்துமா என்று சோதித்துப் பார்க்க காசு, பென்சில், அழிப்பான் உண்டு. போதாக்குறைக்கு ஒரு நாயும் உண்டு.

லிங்க்கை மட்டும் அனுப்பியிருந்தால் அதுவும் பலகைத் தாளோடு போயிருக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்து நானே விளையாடிப் பார்த்தேன். மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் நேராக இணைத்தேன், மின்கலம் தீப்பிடித்தது! திரையில்தான். ஆனாலும் கையை இழுத்துக்கொண்டேன். பிறகு அரைத்தாளில் நாலு வரி எழுதினேன். லாகின் வேண்டாம். கோப்பை இறக்கி வைத்துவிட்டேன், இணையம் இல்லாவிட்டாலும் ஓடும். வகுப்பில் முதலில் எதையும் செய்து காட்ட வேண்டாம், இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: ஒரு மின்கலம், ஒரு பல்பு, ஒரே ஒரு கம்பி, இதை வைத்துப் பல்பை எரிய வைக்க முடியுமா? கடைசி வரி: ஐந்து நிமிடம் நாயோடு விளையாடுவார்கள், விட்டுவிடுங்கள்.

மறுநாள் அந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் நானும் உட்கார்ந்திருந்தேன். முடியாது என்று பாதிப் பேர் கை தூக்கினார்கள். ஒரு பையனை முன்னால் அழைத்தார் ஆசிரியை. அவன் இரண்டு கம்பி கேட்டான், கிடையாது என்றார். அவன் கம்பியின் இரு நுனியையும் மின்கலத்திலேயே மாட்டிவிட, திரையில் தீ. வகுப்பே கத்தியது. "ஏன் மிஸ் எரியுது?" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். குறுக்குச்சுற்று என்ற சொல்லை அவர் அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினார். பல்பின் அடியை நேராக மின்கலத்தின் முனையில் ஒட்ட வைத்து, மீதி இடத்துக்கு அந்த ஒரே கம்பியைக் கொடுக்க வேண்டும் என்பதைப் பின்வரிசைப் பெண் ஒருத்தி கண்டுபிடிக்க இன்னும் பத்து நிமிடம் ஆனது.

அதற்குப் பிறகு நான் எதையும் ஒட்டவில்லை. அந்த ஆசிரியையே ஸ்டாஃப் ரூமில் சொன்னார். இரண்டு நாளில் கணக்கு ஆசிரியர் வந்து நின்றார். ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரிடம் சொல்லும் ஒரு வார்த்தைக்கு ஈடாக நூலகரின் எந்த வடிவமைப்பும் நிற்காது. கவர்ச்சியாக வடிவமைக்கவா என்ற கேள்விக்கு இதுதான் என் பதில்.

ஒரே ஆசிரியருக்கு, ஒரே பாடத்துக்கு, அந்தப் பாடம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால், ஒரே ஒரு லிங்க். கூடவே அந்த அரைத்தாள். குழுவில் போடாதீர்கள், கையில் கொடுங்கள். குழுவில் வருவது எல்லோருக்கும் என்பதால் யாருக்கும் இல்லை என்று ஆகிவிடும்.

எந்தப் பாடம் வரப்போகிறது என்று எப்படித் தெரியும்? பாடத்திட்ட அட்டவணையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட, ஸ்டாஃப் ரூமில் போய் உட்காருங்கள். ஆனால் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஒன்றும் வேண்டாம் மேடம்" என்றுதான் வரும். "எந்தப் பாடத்தில் வருடா வருடம் பிள்ளைகள் முழிக்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் பேசுவார்கள். பூகோள ஆசிரியர் ஒருவர் என்னிடம் அப்படிப் பேசியதிலிருந்துதான் நான் மிகவும் பெருமைப்படும் அரைத்தாள் பிறந்தது. நிலத்தட்டுகளின் எல்லைகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், மறுவாரம் மறந்துவிடுகிறார்கள் என்றார் அவர். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் (USGS) உலகில் நடக்கும் நிலநடுக்கங்களை உடனுக்குடன் பட்டியல் இடுகிறது. கடந்த 30 நாட்களுக்கு, 4.5 ரிக்டருக்கு மேல் என்று வடிகட்டிக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். (ரிக்டர் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அங்கே வெறும் அளவு என்றுதான் போடுகிறார்கள், ரிக்டர் முறையை விட்டுப் பல காலம் ஆகிறது. இதையும் ஒரு பிள்ளை கேட்கும், தயாராக இருங்கள்.) ஆளுக்குப் பத்து நிலநடுக்கம் பிரித்துக் கொடுத்து, சுவரில் ஒட்டிய வெற்று உலக வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வைக்கச் சொன்னோம். எல்லைக்கோடு எதுவும் அச்சிடாத வரைபடம். இருபதாவது ஆள் வைத்துவிட்டுத் திரும்பும்போது பசிபிக் பெருங்கடலைச் சுற்றி ஒரு வளையம் தானாக விழுந்திருந்தது. பாடப்புத்தகத்தில் நிலத்தட்டு எல்லைகள் உள்ள பக்கத்தைத் திறந்து அதனருகே பிடித்தார் ஆசிரியர். கணினி முன் நாங்கள் செலவழித்தது பத்து நிமிடம், மற்றதெல்லாம் பென்சில்.

இணைய வளம் என்றால் பீரியட் முழுக்கத் திரை ஓட வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அந்த நினைப்பால்தான் பல ஆசிரியர்கள் பக்கத்திலேயே வருவதில்லை. போர்ஷன் முடிக்க வேண்டுமே என்ற அவர்களுடைய கவலை நியாயமானது.

சுவாரசியம் பற்றி ஒரு வார்த்தை. பட்டியலில் நிறைய வினாடிவினா தளங்கள் இருக்கும் என்று ஊகிக்கிறேன். பாட்டு ஓடும், கடிகாரம் ஓடும், வேகமாக அழுத்தியவருக்கு அதிக மதிப்பெண். பிள்ளைகள் துள்ளுவார்கள், மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பதில் சொல்லும் பிள்ளை அதில் எப்போதும் கடைசிதான். திரையை அணைத்த பிறகு பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். "ஏன் எரியுது?" என்றால் அது என் அலமாரியில் இருக்கும். "யார் முதல்?" என்றால் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு வைத்துக்கொள்ளலாம்.

உடைந்த லிங்க் கதைக்கு வருகிறேன். இணையத்தில் அசையும் படங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் நின்றபோது நான் வருடக்கணக்கில் சேர்த்ததில் பாதி ஒரே வாரத்தில் படுத்துவிட்டது. அதையாவது முன்னரே அறிவித்திருந்தார்கள். இன்னொன்று நடந்தது, இப்போது நினைத்தாலும் வயிறு கலங்கும். பழைய கதைத்தளம் ஒன்றை ஆறாம் வகுப்பு ஆசிரியைக்குக் கொடுத்திருந்தேன். அதன் முகவரியை நடத்தியவர்கள் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள், வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். ப்ரொஜெக்டரில் நாற்பது பிள்ளைகள் முன் சூதாட்டப் பக்கம் திறந்தது. ஆசிரியை உடனே கம்பியைப் பிடுங்கிவிட்டார். அடுத்த ஒரு வருடம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குற்றம் என்னுடையதுதான், மூன்று மாதத்துக்கு முன் பார்த்ததை அப்படியே கொடுத்திருந்தேன். அதிலிருந்து, கொடுப்பதற்கு முந்தின நாள், வகுப்பில் ஓடப்போகும் அதே கணினியில், பள்ளியின் அதே இணைப்பில் திறந்து பார்த்த பிறகே கொடுப்பேன். போனில் திறப்பது, சில தளங்களைத் தடுக்கும் பள்ளி வடிகட்டியைத் தாண்டும் என்று உத்தரவாதம் இல்லை. காணாமல்போன பக்கங்கள் சில, பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் கிடைக்கும், தேடிப் பாருங்கள். பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி கேட்கும் தளத்தைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடுங்கள்.

அப்புறம், ஆசிரியர்களுக்குக் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. பசிபிக் வடமேற்கின் (வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரப் பகுதி) மரத்து ஆக்டோபஸ் என்று ஒரு தளம் 1998 முதல் இருக்கிறது. மரத்தில் வாழும், அழிந்துவரும் ஆக்டோபஸைக் காப்பாற்றச் சொல்லும். படம், உணவுப் பழக்கம், வாழிடம் எல்லாம் இருக்கும். முழுப் புளுகு. ஒரு நூலகப் பீரியடில் எதுவும் சொல்லாமல் திறந்து வைத்து, காப்பாற்ற என்ன செய்யலாம் என்று எழுதச் சொல்லுங்கள். பாதி வகுப்பு உருக்கமாக எழுதியிருக்கும். அதன்பிறகு, "இது உண்மைதானா என்று எப்படிப் பார்ப்பது?" என்ற கேள்வியை நீங்கள் கேட்க வேண்டியிருக்காது.

அந்த 62ஐ அழிக்க வேண்டாம். அது உங்கள் சேர்க்கைப் பதிவேடு, நூலகத்துக்கு வந்ததையெல்லாம் வரிசையாகப் பதிந்து வைக்கும் ஏடு மாதிரி. சேர்க்கைப் பதிவேட்டை எந்த நூலகரும் வாசகர் கையில் நீட்டுவதில்லை. உங்கள் மேஜையில் இருக்கட்டும், அதிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

தலைமை ஆசிரியர் கேட்கும் எண்ணிக்கை. அடுத்த மாதம் 4 என்று எழுதுங்கள். பக்கத்தில் எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தத் தேதி, திரை அணைந்தபின் பிள்ளைகள் கேட்ட ஒரு கேள்வி என்று நாலு கட்டம் போட்டு நிரப்புங்கள். 62 எங்கே போனது என்று கேட்பார், கேட்கட்டும். அந்த நாலு வகுப்பில் ஒன்றுக்கு அவரையும் கூப்பிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார வையுங்கள். மின்சுற்று வகுப்பாக இருந்தால் இன்னும் நல்லது.