400 வெள்ளிப் பெட்டியும் ‘கொய்ங்’ சத்தமும்

கேள்வி: பழைய கச்சேரிப் பதிவுகளை மடிக்கணினியில் கேட்பதுதான் ஓய்வுபெற்ற எனக்குப் பொழுதுபோக்கு. மகன் 300 ஓம் (மின்தடை அளவு) ஹெட்போன் வாங்கித் தந்தான். அதில் சத்தம் போதவில்லை, பின்னணியில் ‘கொய்ங்’ என்று ஓர் இரைச்சல் வேறு. கடையில், கணினியின் எண்களை ஒலியாக்கும் டாக்கும் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பும் ஒன்றாக இருக்கும், 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள பெட்டியைப் போட்டுக் காட்டினார்கள். தம்புரா பக்கத்திலேயே ஒலிப்பதுபோல் இருந்தது. வாங்கலாமா, காசுக்குக் கேடா? (ஈசூன் வாசகர்)

பதில்: ஐயா, பர்ஸைத் திறப்பதற்கு முன் சார்ஜரைக் கழற்றுங்கள். மடிக்கணினியை பேட்டரியில் ஓடவிட்டு அதே பாட்டைக் கேளுங்கள். ‘கொய்ங்’ நின்றுவிட்டால் திருடன் சார்ஜர் வழியாக வருகிறான் என்று அர்த்தம். நிற்காமல், மவுஸை நகர்த்தும்போதெல்லாம் குரல் மாறினால், கணினிக்குள்ளேயே இருக்கும் மின்சுற்றுகளின் இரைச்சல் ஹெட்போன் துளைக்குள் கசிகிறது. சிம் லிம் டவரில் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்தப் புகாரோடு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். பாதிப் பேரிடம் நான் காசே வாங்கியதில்லை.

டாக் என்பது எண்களை மின்னழுத்தமாக மாற்றும் சில்லு, அவ்வளவுதான். உங்கள் கணினிக்குள்ளும் ஒன்று இருக்கிறது. அதை வெளியே கொண்டுவந்தால் உள்ளே நடக்கும் கூச்சலிலிருந்து பெரும்பாலும் தப்பிக்கும். இதற்கு 20 வெள்ளிக்குள் கிடைக்கும், யூஎஸ்பி துளையில் சொருகும் சின்ன டாக்கான ‘டாங்கிளே’ போதும். இரைச்சல் அடங்கினால் அந்த வித்தியாசம் உங்களுக்கும் கேட்கும், சமையலறையில் இருப்பவருக்குப் போட்டுக் காட்டினால் அவருக்கும் கேட்கும்.

அடுத்து, சத்தம் போதாத விஷயம். அது உங்கள் பிரமை இல்லை. 300 ஓம் ஹெட்போன் மின்சாரத்தை அதிகம் குடிக்காது, ஆனால் வோல்ட் கேட்கும். 1 வோல்ட் கொடுத்தால் அதற்குப் போய்ச் சேருவது 3 மில்லிவாட் சொச்சம், 2 வோல்ட் என்றால் 13. காதுக்கு அது 6 டெசிபெல் கூடுதல். சினிமாப் பாட்டை உரக்கப் பதிவு செய்திருப்பார்கள், அதற்கு மடிக்கணினியே சமாளித்துவிடும். கச்சேரி அப்படியில்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் எகிற வேண்டுமே என்று மற்றதையெல்லாம் தாழ்வாக வைத்திருப்பார்கள். ஆகவே உங்களுக்கு ஆம்ப் தேவைதான். 2 வோல்ட்டுக்குக் குறையாமல் தருவதாகப் பார்த்து வாங்குங்கள், 100 வெள்ளிப் பக்கமே கிடைக்கும்.

சரி, கடையில் கேட்ட தம்புரா? இங்கே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் நானும் 650 வெள்ளிக்கு ஒரு பெட்டி வாங்கினேன். மூன்று மாதம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதன் புகழ்தான். ஒருநாள் என் மனைவி, “எது ஓடுதுன்னு பார்க்காம சொல்லுங்க, பார்ப்போம்” என்றார். தொழில்காரன் இல்லையா, முறையாகவே செய்தேன். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரை வைத்து, பழைய சின்ன டாங்கிளிலும் புதுப் பெட்டியிலும் ஒரே வோல்ட் வருமாறு வால்யூமைச் சரிசெய்தேன். அப்புறம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். மனைவி ஒரு கையில் தோசைக் கரண்டியோடு மறுகையால் வயரை மாற்றி மாற்றிச் சொருகினார். 20 முறையில் நான் சரியாகச் சொன்னது 11. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

அதோடு அவர் விடவில்லை. எனக்குத் தெரியாமல் டாங்கிளின் வால்யூமை ஒரு துளி ஏற்றிவிட்டார். உடனே நான், “இதுதான் பெரிய பெட்டி, பாரு என்ன தெளிவு!” என்றேன். ஒரு டெசிபெல் கூடினாலே காது அதை ‘சத்தம் அதிகம்’ என்று சொல்லாது, ‘தெளிவு’ என்றுதான் சொல்லும். கடையில் அந்தப் பெட்டியின் குமிழ் எந்த இடத்தில் இருந்தது என்று கவனித்தீர்களா?

அமெரிக்காவின் பாஸ்டனில் இதுபோன்ற ஒரு சோதனையைப் பெரிய அளவிலேயே நடத்தி 2007இல் முடிவை வெளியிட்டார்கள். உயர்தர டிஸ்க்கை நேராகவும், குறுக்கே சிடி தரத்துக்கு இறக்கும் கருவி ஒன்றை வைத்தும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 49.8 விழுக்காடு. சிடி தரம் என்பது 1982இலேயே விற்பனைக்கு வந்துவிட்ட சமாச்சாரம்: நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபெல் இடைவெளியை அது தாங்கும். நீங்கள் கேட்கும் பழைய கச்சேரிகள் ஸ்பூல் டேப்பில் பதிந்தவை என்றால், டேப்பின் ‘ஸ்ஸ்’ ஒலியே அந்த அடிமட்டத்துக்கு வெகு மேலே நிற்கும். அதற்கு அடியில் எந்த டாக் எதைத் தோண்டி எடுக்கப் போகிறது?

இன்னொன்று. 300 ஓம் ஹெட்போன்கள் பெரும்பாலும் பின்பக்கம் திறந்தவை, வெளிச்சத்தம் தாராளமாக உள்ளே வரும். உங்கள் புளோக் அடியில் சனிக்கிழமை மலாய்க் கல்யாண வீட்டுக் கொம்பாங் மேளம் முழங்கினால் எந்த ஆம்ப்பும் உதவாது. சன்னலைச் சாத்துங்கள்.

கேள்வி: நான் எம்ஆர்டி ரயிலில் புளூடூத் ஹெட்போனில் பாட்டுக் கேட்பவள். கைப்பேசியில் சின்ன டாக் ஒன்றைச் சொருகினால் தரம் கூடும் என்கிறார் அலுவலகத் தோழர். உண்மையா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: இல்லை தங்கச்சி. புளூடூத்தில் பாட்டு எண்களாகவே காற்றில் போகிறது. அதை ஒலியாக்கும் டாக்கும் ஆம்ப்பும் உங்கள் ஹெட்போனுக்குள்ளேயே இருக்கின்றன. கைப்பேசியில் சொருகிய பெட்டி, ரயில் பாசிர் ரிஸ் போய்ச் சேரும்வரை சும்மா தொங்கிக்கொண்டு வரும். தோழரிடம் ஒன்று கேளுங்கள், அவர் வைத்திருப்பது வயர் உள்ள ஹெட்போனா?