நடு ஆட்டத்தில் நின்றுபோகும் பெயிண்ட்பால் மார்க்கர்
பெயிண்ட்பால் ஆட்டத்தில், மதியத்துக்குள் எலக்ட்ரானிக் மார்க்கர் (சாய உருண்டை சுடும் துப்பாக்கி) இரண்டு முறை நின்றுவிட்டது, பேக்கப்புக்கு இன்னொன்று வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுங்கள் நண்பரே, முதலில் காஸ் டேங்கைப் பாருங்கள்: கார்பன் டை ஆக்சைடு என்றால் குளிரில் திரவமாகவே உள்ளே போய் சொலினாய்டை (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) கெடுத்துவிடும், அழுத்தக் காற்றுக்கு மாறிவிடுங்கள். ஏற்கெனவே காற்றுதான் என்றால் பேட்டரியைப் பாருங்கள், அப்புறம் ஓ-ரிங்கை, அதாவது காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை. என்னுடையது ஒருமுறை கைப்பிடி பக்கம் உஸ்ஸென்று கசிய, பிரித்துப் பார்த்தால் ஒரு ஓ-ரிங்கில் நகக்கீறல் அளவு வெட்டு, அவ்வளவுதான், சில்லறைக் காசு சமாச்சாரம். அரை நாள் ஆட்டத்துக்கு உதிரி ஓ-ரிங், புது பேட்டரி, கொஞ்சம் கிரீஸ் போதும். வெளியூர் போய் நாள் முழுக்க ஆடுவதென்றால் மட்டும் பழைய டிப்மன் 98 மார்க்கர் ஒன்றை பேரல் கவரோடு (குழல் வாயை மூடும் உறை) வண்டியில் போட்டு வையுங்கள். மெக்கானிக்கல், பேட்டரியே வேண்டாம், சேற்றில் விழுந்தாலும் பெரும்பாலும் சுடும். மைதானத்துக்குள் இரண்டையும் சுமக்காதீர்கள், முதுகு போய்விடும்.